மலையகத்து மழையும் கமராவின் வாலும்

ஹட்டன் பகுதியில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கோவில்களுக்கும் கண்காணிப்புக் கமரா பொருத்திக் கொடுப்பவன் என்ற முறையில், பழுதென்று கழற்றப்படும் கமராக்களைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலானவற்றில் வில்லையும் உட்பலகையும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. கெட்டுப்போயிருப்பது பின்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வால்போலத் தொங்கும் வயரின் முனையிலுள்ள இணைப்புத்தான். "வாட்டர்ப்ரூப் என்று சொல்லித்தானே தம்பி விற்றார்கள்?" என்று கடைக்கார அண்ணன்மார் கேட்கிறார்கள். விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல் கமராவின் உடலுக்கு மட்டுமே பொருந்தும்.

பெட்டியில் ஐபி 66, ஐபி 67 என்று அச்சிடப்பட்டிருப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60529ஆம் இலக்க நியமத்தின்படி வழங்கப்படும் தரக்குறியீடு. முதல் இலக்கமான 6 தூசு உட்புகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது இலக்கம் 6 ஆயின், நிமிடத்துக்கு 100 லீற்றர் வீதம் பீய்ச்சப்படும் நீரைச் சில நிமிடங்கள் தாங்கும் என்றும், 7 ஆயின் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்றும் பொருள். இவை ஆய்வுகூடத்தில் புதிய கருவியின் மீது குறுகிய நேரம் நடத்தப்படும் சோதனைகள். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளையில், வாரக்கணக்காக வெயிலையே காணாத ஒரு சுவரில் தொங்கும் இணைப்பைப் பற்றி அந்த இலக்கங்கள் எதையும் சொல்வதில்லை.

நேராகப் பெய்யும் மழையைவிட, வெப்பநிலை மாற்றமே இங்கு எனக்குப் பெரிய எதிரியாகத் தெரிகிறது. முற்பகல் வெயிலில் 40 பாகை செல்சியஸ்வரை சூடேறிய உலோக உடல், பிற்பகல் மழையில் 15 பாகைக்கு இறங்கும்போது, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய, கிடைத்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இடுக்கின் வாயில் நீர் நின்றால் நீரும் சேர்ந்து போகும். பனிமூட்டம் படிந்த இரவில், மழையே இல்லாமல், ஈரக்காற்று மட்டும் புகுந்தாலும் போதும். அது உள்ளே குளிர்ந்து துளிகளாகிவிடும். ஆகவே ஓர் இணைப்புப் பெட்டியை முற்றாக அடைத்துவிட்டேன் என்று எவரேனும் சொன்னால் நான் மகிழ்வதில்லை. புகுந்த நீர் வெளியேற அடிப்பக்கத்தில் வழி விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரமும் செல்லும் கமராக்களில், ஏறத்தாழ 48 வோல்ட் நேரோட்ட மின்னழுத்தம் அந்தச் சிறிய இணைப்பின் ஊசிகளுக்கிடையே எப்போதும் நிற்கிறது. ஈரம் பட்டவுடன் மின்பகுப்பு தொடங்கி, நேர்முனை ஊசியின் பொன்முலாம் அரிபட, அடியிலுள்ள செம்பு பச்சையாகவும் கறுப்பாகவும் கரைந்து போகிறது. பழைய வகை 12 வோல்ட் கமராக்களின் மின்செருகியிலும் இதே கதைதான். இந்த நோய்க்கு ஒரு தெளிவான அறிகுறி உண்டு: பகலில் ஒழுங்காக இயங்கும் கமரா இருட்டியதும் நின்று நின்று வரும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது மின்னோட்டம் கூடுகிறது. அரிபட்ட ஊசியால் அதைத் தாங்க முடிவதில்லை. இதை அறியாமல் கமராவையே மாற்றி, புதியதையும் அதே பழைய முனையில் செருகுபவர்கள் பலர்.

இணைப்பைச் சுற்றிப் பொலித்தீன் பையைக் கட்டுவதும், சாதாரண இன்சுலேஷன் டேப்பைத் தடிப்பாகச் சுற்றுவதும் நம் ஊரில் எங்கும் காணப்படும் வைத்தியங்கள். இரண்டும் நீரைத் தேக்கி வைப்பவை. டேப்பின் பசை ஒரு மழைக்காலத்திலேயே வழுவழுப்பாகிவிடும். நான் செய்வது இது: ஊசிகளின் மீது மெல்லிய சிலிக்கன் கிரீஸ் பூசிச் செருகிய பின், பசையில்லாமல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை, அதன் நீளம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி கீழிருந்து மேலாகச் சுற்றுகிறேன். கூரைத் தகரத்தை அடுக்குவதுபோல மேற்சுற்று கீழ்ச்சுற்றின் மேல் படிந்தால்தான் வழியும் நீர் உள்ளே திரும்பாது. அதன்மேல் வெயிலுக்காக ஒரு சாதாரண டேப். இந்த முடிச்சைக் கமராவின் அடியிலுள்ள பெட்டிக்குள் வைத்து, கேபிள் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து மட்டுமே நுழையும்படி செய்ய வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு சாணளவு கீழே தொங்கி மேலே திரும்பினால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் இடும் வடிகால் துளைக்கு மெல்லிய கம்பிவலை வைப்பது நல்லது. எறும்புக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான பெட்டியைப் போன்ற குடியிருப்பு வேறில்லை. தேயிலைத் தோட்டங்களில் குளவியையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மலைச்சரிவு வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீதி மேலேயும் வீடு கீழேயும் இருப்பதால், படலைக் கமராவிலிருந்து கேபிள் சரிவில் இறங்கி வருகிறது. மேல்முனையில் புகுந்த நீர், உறைக்குள் வயர்களுக்கிடையிலுள்ள இடைவெளி வழியாக, குழாயில் இறங்குவதுபோல இறங்கி, வீட்டுக்குள் பதிவுக்கருவியின் பின்புறத்தில் சொட்டும். மேலே எவ்வளவு கவனம் செலுத்தினாலும், வீட்டுச் சுவரருகிலும் ஒரு தொங்கு வளைவை விடுவதும், சுவர்த் துளையை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி இடுவதும் அவசியம். கேபிளும் வெளிப்பாவனைக்குரிய கறுப்பு பொலிஎதிலீன் உறையுடையதாக இருக்கட்டும். விலை மலிவென்று வாங்கப்படும், செம்பு பூசிய அலுமினியக் கம்பிகளைக் கொண்ட கேபிளை நான் வெளியில் பயன்படுத்துவதே இல்லை. ஈரம் பட்ட அலுமினியம் மிக விரைவில் பொடியாகிவிடும்.

கமராவைச் சுவரில் பிடித்திருக்கும் தாங்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கமராவோடு தரப்படும் திருகாணிகளை ஒதுக்கிவிட்டு 304 தரத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளை வாங்குங்கள். கடலுப்புக் காற்று எட்டாத இந்த உயரத்துக்கு அது தாராளமாகப் போதும். பழைய கருங்கற் சுவர்களில் சுண்ணாம்புச் சாந்தில் துளையிடாமல் கல்லிலேயே துளையிட வேண்டும். சாந்து பொரிந்து கழலும்போது தாங்கியோடு நீர்வழியும் திறந்துகொள்ளும். இரும்புக் குழாயைத் தூணாக நட்டால் அதன் தலையை மூட மறக்காதீர்கள்.

தாங்கியைச் சுற்றிச் சிலிக்கன் பூசுவோர் நான்கு பக்கமும் பூசிவிடுகிறார்கள். மேற்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் மட்டும் பூசி, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். வினாகிரி வாடை வீசும் சிலிக்கன் உலரும்போது அசற்றிக் அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும் என்பதால், இணைப்புகளுக்கு அருகில் பூச, அந்த அமிலத்தை வெளியிடாத நியூட்ரல் வகையையே கேட்டு வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடுதல்தான்.

இந்தப் பூச்சும் சுற்றும் மின்னலுக்கு முன் செல்லாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்களில் இடி முழங்கும்போது, வெட்டவெளியில் ஓடும் நீண்ட செம்புக் கேபிள் மின்னெழுச்சியை, அதாவது திடீரென எகிறும் மின்னழுத்தத்தை, நேரே வீட்டுக்குள் கொண்டுவரும். நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாமல் மாட்டப்படும் மின்னெழுச்சித் தடுப்பி பெயருக்குத்தான் இருக்கும். வசதியுள்ளவர்கள் படலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியிழைக் கேபிளை இட்டுவிடுவதே மேல். மின்னெழுச்சி அதன்வழி கடக்காதபடி, உள்ளே உலோகமே இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து ஊசிகளின் நிறத்தைப் பார்க்க ஆண்டில் ஒரு காய்ந்த காலை போதும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தவர்கள் அதைப் பெப்ரவரியில், மே மாத மழைக்கு வெகு முன்னரே முடித்துவிடலாம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தவர்களுக்கு வடகீழ்ப் பருவமழைதான் கடுமையானது என்பதால், ஓகஸ்ட் மாதமே பொருத்தம்.