ஏப்ரல் கூட்டத்துக்குக் கையில் வரைபடத்தோடு போங்கள்

மார்ச் கடைசிக்குள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சி அடுத்த நிதியாண்டின் வரைவு பட்ஜெட்டைக் கவுன்சிலில் வைத்தாக வேண்டும். ஐ.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் வரைவும் கூடவே வரும். ஏப்ரலில் மண்டபம் மண்டபமாகக் கூட்டம் போடுவார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலோ ஃபீனிக்ஸ் பகுதியிலோ அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் போக்கு தெரியும். முதலில் திரையில் எண்கள் ஓடும். அப்புறம் ஒருவர் சாலைக்குழியைச் சொல்வார், ஒருவர் எரியாத விளக்கைச் சொல்வார், ஒருவர் தண்ணீர் பில்லைத் தூக்கிக் காட்டுவார். ஒன்பது மணிக்கு நாற்காலிகளை மடக்கிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் கேட்டது எதுவும் திட்டத்தில் ஏறவில்லையே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தேதிதான். நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் முடிவதற்குள், எந்த மாதத்தில் எது நடக்கும் என்ற கால அட்டவணையை மேயர் கவுன்சிலில் வைக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதிச் சட்டம். துறைகள் தங்கள் வேலைப் பட்டியலை ஆண்டு முடிவதற்குள்ளேயே சேர்க்கத் தொடங்கிவிடும். ஏப்ரலில் நாம் பார்ப்பது ஏறக்குறைய வெந்து முடிந்த சோறு. உப்பு போதவில்லை என்று சொல்லலாம், அரிசியை மாற்ற முடியாது. நம் வார்டு எப்படி இருக்க வேண்டும் என்ற பொதுக் கனவைப் பேசி, வரைபடத்தில் வரைந்து, எழுதி முடிக்க வேண்டிய காலம் ஆடி முதல் ஐப்பசி வரைதான்.

நம் நாள்காட்டியையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீட்டில் படையல் இருக்கும், கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பெரும்பாலும் ஏப்ரலில் வரும் பெரிய வெள்ளியை ஒட்டி இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஊரே போய்விடும். ஆனால் ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறு, எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நாள். ஆட்கள் குறித்துக் காட்ட வார்டின் வரைபடத்தை விரிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அதே வரைபடம் அடுத்த வாரம் தேவாலய வாசலிலும், அதற்கடுத்த வாரம் மசூதியிலும், டாக்ஸி நிறுத்தத்திலும், குடிசைப் பகுதியின் பொதுக் குழாயடியிலும் விரிய வேண்டும். கோயிலில் மட்டும் வைத்தால் கோயிலுக்கு வருபவர்களின் கனவு மட்டும்தான் வார்டின் கனவு என்று எழுதப்படும்.

"ஊர் மக்களைக் கேட்காமல் போட்ட திட்டம்" என்றால் என்ன என்பது டர்பன் தமிழர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. நகராட்சிக்காக உழைத்தவர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடும்பங்களை 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியதும் ஒரு திட்டம்தான். யாரோ ஓர் அறையில் கோடு போட்டார்கள், சாட்ஸ்வர்த்தின் பகுதிகளுக்கு யூனிட் எண்கள் வந்தன. 1996 அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு, மக்களை உள்ளாட்சிக் காரியங்களில் ஈடுபட ஊக்குவிப்பதை நகராட்சியின் நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. 2000-ஆம் ஆண்டின் நகராட்சி முறைமைகள் சட்டம் ஐ.டி.பி.யில் இருக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதில் முதலாவது, நீண்டகால வளர்ச்சி பற்றிய கவுன்சிலின் தொலைநோக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஊனமுற்றோர், பெண்கள் ஆகியோரின் தேவையைக் கருத்தில் கொண்டே மக்களை அழைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த வரிகளை மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

தொலைநோக்கு என்றதும் பலரும் எழுதுவது "வளமான, பாதுகாப்பான, ஒற்றுமையான வார்டு". இந்த வரியை எந்த ஊருக்கும் ஒட்டலாம், அதனால் எந்த ஊருக்கும் உதவாது. நல்ல வரிக்கு நாங்கள் வைக்கும் சோதனை, அதை ஒரு பிள்ளை படமாக வரைய முடியுமா என்பது. "2036-இல் மழை பெய்தால் ஓடைக்கரையில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வராது. பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகள் வெளிச்சத்தில் படியேறி வீட்டுக்கு வருவார்கள். மேட்டு வீட்டுக் குப்பையும் குடிசைக் குப்பையும் ஒரே நாளில் எடுக்கப்படும்." இதை வரையலாம். பத்து வருடம் கழித்து நடந்ததா இல்லையா என்று கேட்கவும் முடியும். ஜூலு மொழியில் தொலைநோக்கை 'உம்போனோ' என்பார்கள். 'போனா', அதாவது 'பார்' என்பதிலிருந்து வந்த சொல். நம் சொல்லிலும் நோக்கு இருக்கிறது. இரண்டு மொழிக்காரரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஏ-சீரோ அளவுத் தாளில் 1:1,000 அளவுகோலில் அச்சிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர். ஒரு தாளில் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமும் 840 மீட்டர் அகலமும் அடங்கும், ஒவ்வொரு வீடும் விரலால் தொடும் அளவில் தெரியும். முழு வார்டும் ஒரே தாளில் வேண்டும் என்று 1:5,000-க்குப் போனால் வீடு இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கண்ணாடி போட்ட பாட்டிமார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வார்டை மேடு, பள்ளம், ஓடை பார்த்து நாலைந்து பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு தாள் வையுங்கள்.

காணி எல்லை மட்டும் போட்ட வரைபடத்தை அடித்தாளாக எடுக்காதீர்கள். பதிவான காணி இல்லாத குடிசைகள் அதில் வெறும் வெள்ளையாக இருக்கும். பாட்டில்பிரஷ், கிராஸ்மூர் போன்ற இடங்களில் வாழ்பவர் வந்து தன் வீட்டைத் தேடி, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டால், அதற்கப்புறம் நீங்கள் பேசும் ஒற்றுமை அவர் காதில் விழாது. வான்வழிப் படத்தை அடித்தாளாக எடுங்கள். மேலே சமவுயரக் கோடுகளையும் ஓடைகளையும் போடுங்கள்.

மேசையில் விரித்து நாலு மூலையிலும் பால்டின் வையுங்கள். முதலில் எதையும் கேட்காதீர்கள், ஆட்கள் தங்கள் வீட்டைத் தேடட்டும். ஒரு பாட்டி கோயில் கோபுரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்தி நகர்த்தித் தன் வாசலுக்கு வருவார். வந்ததும் விரல் நிற்காது, கீழே ஓடைவரை இறங்கும், "இதுவரைக்கும் வந்துச்சு தண்ணி" என்பார். அந்த நிமிடத்தில் பேனாவைக் கையில் கொடுங்கள். 1987 செப்டம்பர் வெள்ளத்துக்கு நீலம், 2019 ஏப்ரலுக்குப் பச்சை, 2022 ஏப்ரலுக்குச் சிவப்பு. மூன்று கோடும் நெருங்கும் இடம்தான் உங்கள் வார்டின் முதல் பேச்சு. எந்தப் பொறியாளர் வந்தாலும் அந்தத் தாளைக் குனிந்து பார்ப்பார்.

பிறகு நடை. எட்டுப் பத்துப் பேர், இரண்டு மணி நேரம், ஒரு முறை பகலில், ஒரு முறை இருட்டிய பின். வாடகைக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர், ஜூலு பேசும் அண்டைவீட்டார் கட்டாயம் இருக்க வேண்டும். மழைநீர் வடிகாலின் வாயில் கறுப்புக் குப்பைப்பை சிக்கியிருப்பதையும், படிக்கட்டுச் சந்தில் விளக்குக் கம்பம் இருந்து பல்பு இல்லாததையும் ஒவ்வொன்றாக எண் போட்டுப் படமெடுங்கள்.

சேர்ந்ததையெல்லாம் உடனே வரிசைப்படுத்தாமல் மூன்று கூடையாகப் பிரித்து வையுங்கள். குழி அடைப்பதும் பல்பு மாற்றுவதும் பராமரிப்பு வேலை. அதற்குப் புகார் எண் வாங்கினால் போதும், ஐ.டி.பி.க்குக் கொண்டுபோனால் பெரிய விஷயத்துக்கு நேரம் இருக்காது. பள்ளிக்கூடமும் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியும் மாகாணத்தின் பொறுப்பு, போலீஸ் மத்திய அரசுடையது. இவற்றுக்குக் கடிதம் வேறு வாசலுக்குப் போக வேண்டும். மழைநீர் வடிகால், நடைபாதை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை ஆகியவை நகராட்சியுடையவை. இதில் புதிதாகக் கட்ட வேண்டியவை மட்டும்தான் மூன்றாவது கூடை.

மூன்றாவது கூடையில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு திட்டம் மிஞ்சும். ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு ஒப்பிட்டு வரிசை போடும் முறையைச் சில ஆலோசகர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு திட்டத்துக்கு 66 ஒப்பீடு வரும், பாதியில் ஆட்கள் களைத்துவிடுவார்கள். பீன்ஸ் விதை போதும். திட்டத்துக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பா வைத்து, எழுத்துக்குப் பதில் படம் ஒட்டுங்கள். ஆளுக்குப் பத்து விதை, ஒரு டப்பாவில் நாலுக்கு மேல் போடக் கூடாது. மேட்டு வீட்டாருக்குப் புள்ளி போட்ட ஷுகர் பீன்ஸ், ஓடைக்கரையாருக்கு வெள்ளை பீன்ஸ் கொடுங்கள், நிறம் நிறமாக எண்ணுங்கள்.

நிறம் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டிலிருந்து 25 பேர், ஓடைக்கரையிலிருந்து 15 பேர். மைதான வேலிக்கு மேட்டார் 80 விதை போட்டார்கள், ஓடைக்கரையார் ஒன்றும் போடவில்லை. ஓடைப்பாலத்து மதகுக்கு மேட்டார் 45, ஓடைக்கரையார் 30, ஆக 75. மொத்தத்தை மட்டும் பார்த்தால் வேலி ஜெயிக்கும். நிறத்தைப் பார்த்தால் இரு பக்கமும் சேர்ந்து கேட்பது மதகு. பொதுக் கனவு என்று எழுத வேண்டியது அதைத்தான். இந்த எண்ணிக்கையை எல்லோர் கண்முன்னும் பலகையில் எழுதுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் எண்ணினால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், கட்சிக்காரர் மாற்றிவிட்டார் என்ற பேச்சு ஒரே இரவில் ஊரைச் சுற்றும். கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வரக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று திட்டங்களுக்கும் தலா ஒரு பக்கம் எழுதுங்கள்: இடம், படம், யாருக்குப் பயன், எத்தனை வீடு, எந்தத் துறை. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மதகு வேண்டும் என்று கேட்டால் அதிகாரி "நிதி இல்லை" என்பார், பேச்சு அதோடு நின்றுவிடும். ஓடைக்குள் கட்டுமானம் என்றால் 1998-ஆம் ஆண்டின் தேசியத் தண்ணீர்ச் சட்டத்தின் அனுமதியையும் பார்க்க வேண்டும், ஆய்வும் வடிவமைப்பும் முடியாமல் கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்க முடியாது. பட்ஜெட் மூன்று ஆண்டுக்குப் போடப்படுவதால் அதற்கேற்பக் கேளுங்கள். முதல் ஆண்டில் ஆய்வும் வடிவமைப்பும், இரண்டாவது ஆண்டில் அனுமதி, மூன்றாவதில் கட்டுமானம். முதல் ஆண்டுத் தொகை சிறியது, மறுப்பது கடினம்.

வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவர், மற்றவர்கள் பத்துப் பேர்வரை. கமிட்டி பரிந்துரைக்கத்தான் முடியும், ஆனாலும் அதன் தீர்மானமாகப் பதிவானால் தாளுக்குக் கனம் கூடும். கவுன்சிலருக்குப் பொதுக்கூட்டத்தில் அதிர்ச்சி கொடுக்காதீர்கள், ஒரு வாரம் முன்பே தாளைக் கையில் கொடுங்கள். திட்டத் துறைக்கு ஒரு பிரதி, பெற்றுக்கொண்ட முத்திரையோடு. வரைவு ஐ.டி.பி. வெளியானதும் கருத்துச் சொல்ல குறைந்தது 21 நாள் தர வேண்டும். அந்த நாட்களில் உங்கள் திட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். பட்ஜெட் நிறைவேறி 28 நாளுக்குள் மேயர் அமலாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், காலாண்டு இலக்குகள் அதில்தான் இருக்கும். அதிலும் காணோமென்றால் காரணம் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம், அதற்குப் பதில் தர 30 நாள்.

வந்த பதில் எதுவானாலும், மறுப்பே ஆனாலும், வரைபடம் விரிந்த அத்தனை இடத்துக்கும் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அடுத்த ஆடியில் அதே தாளை அதே மேசையில் விரித்து, முடிந்ததற்குப் பச்சைப் புள்ளி, நடப்பதற்கு மஞ்சள், பதில் வராததற்குச் சிவப்பு வையுங்கள். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் கடிதம் கொடுத்த தேதியையும் எழுதுங்கள்.