சுங்கை சிப்புட்டில் கட்டைவிரல் மரியாதை

மதுரையிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்த எங்களுக்கு மொழி பிரச்சினையே இல்லை, தோட்டத்திலிருந்து கடைத்தெரு வரைக்கும் தமிழ் கேட்கிறது, மகளும் தமிழ்ப்பள்ளியில்தான் படிக்கிறாள். பழக்கங்கள்தான் வேறு. இங்கே யாரையும் ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டக்கூடாது. மற்ற விரல்களை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டுவதுதான் மரியாதை. என் மாமியார் சந்தையில் மீனைக்கூட இப்போது அப்படித்தான் காட்டுகிறார்.

அப்புறம் தீபாவளி. அன்றைக்கு வாசல் திறந்தே இருக்கும், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள், பிள்ளைகளுக்கு அங்பாவ் உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். கோழியை ஹலால் கடையில்தான் வாங்குகிறோம், பக்கத்து வீட்டு மாக்சிக் (மூத்த மலாய்ப் பெண்களை இங்கே இப்படித்தான் அழைப்பார்கள்) தயங்காமல் சாப்பிட வேண்டுமே. நோன்புப் பெருநாளுக்கு அவரும் மாட்டிறைச்சி சேர்க்காமல் எங்களுக்கென்று தனியாகக் கோழி ரெண்டாங் என்ற தேங்காய்ப்பால் கறி சமைத்து அனுப்புகிறார்.