மைனஸ் 0.93ன்னா கம்மியா?

போன வாரம் மலேசியாவுல, பட்டர்வொர்த்துல இருக்குற அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மக மெட்ரிக் (யூனிவர்சிட்டிக்கு முந்தின படிப்பு) படிக்குது, ஸ்டேட்டிஸ்டிக்ஸ் டுடோரியல விரிச்சு வச்சிக்கிட்டு மூஞ்சிய தூக்கி வச்சிருந்துச்சு. "சித்தப்பா, கோரிலேஷன் மைனஸ் 0.9ன்னு வருது, அப்ப சம்பந்தமே இல்லன்னுதானே அர்த்தம், பிளஸ் 0.3 கூட இத விட பெருசுல்ல?"

கேள்வி ஞாயமானதுதான். ஆனா கோரிலேஷன்ல (ரெண்டு விஷயம் எவ்ளோ சேந்து மாறுதுன்னு சொல்ற நம்பர், தமிழ்ப் புத்தகத்துல ஒட்டுறவுன்னு போட்டிருப்பாங்க) மைனஸ் வெறும் திசைதான், ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு எறங்குது, அவ்ளோதான். எவ்ளோ இறுக்கமா எறங்குதுன்னு பாக்கணும்னா குறிய மறைச்சுட்டு நம்பர மட்டும் பாரு. மைனஸ் 1லேர்ந்து பிளஸ் 1 வரைக்கும்தான் போகும், நடுவுல இருக்குற 0தான் பலவீனம்.

நம்பல. அண்ணன் செண்டோல் (ஐஸ் சீவிப் போட்ட தேங்காப்பால் இனிப்பு) கடை வச்சிருக்கார், அவர் நோட்டுலேர்ந்து அஞ்சு நாள் எடுத்தோம். மழை 0, 1, 2, 3, 4 மணி நேரம் பெஞ்ச நாள்ல வித்த கிண்ணம் 100, 95, 70, 75, 60. சராசரி மழை 2 மணி நேரம், சராசரி 80 கிண்ணம். இப்ப ஒவ்வொரு நாளும் சராசரியிலேர்ந்து எவ்ளோ தள்ளியிருக்குன்னு பாத்து ரெண்டையும் பெருக்கணும். மழையே இல்லாத நாள்ல மழை மைனஸ் 2, கிண்ணம் பிளஸ் 20, பெருக்குனா மைனஸ் 40. நாலு மணி நேரம் கொட்டுன நாள்ல மழை பிளஸ் 2, கிண்ணம் மைனஸ் 20, அதுவும் மைனஸ் 40. ஒண்ணு சராசரிக்கு மேல போறப்ப இன்னொண்ணு கீழ போகுது, அதனாலதான் மைனஸ் வருது, வேற மாயமெல்லாம் இல்ல. மொத்தம் கூட்டுனா மைனஸ் 100. தள்ளியிருக்குறத வர்க்கமாக்கிக் கூட்டுனா மழைக்கு 10, கிண்ணத்துக்கு 1150, ரெண்டையும் பெருக்கி ரூட் போட்டா 107 சொச்சம். மைனஸ் 100ஐ அதால வகுத்தா மைனஸ் 0.93.

"அப்ப ஒரு மணி நேர மழைக்கு 0.93 கிண்ணம் கொறையுதா?" இல்லம்மா, அது சரிவு, வேற கணக்கு. இங்க மணிக்கு பத்து கிண்ணம் கொறையுது. பத்துக்குப் பதிலா ஒரு கிண்ணம் கொறஞ்சாலும் வரைபடத்துல புள்ளிங்க நேர்கோட்டோட இதே மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா மைனஸ் 0.93தான் வரும். இத பெரியவங்களே கொழப்பிக்கிறாங்க.

இன்னொண்ணு, கோரிலேஷன் இருந்தாலே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடாது. பினாங்கு கொடிமலை 833 மீட்டர், மேல போகப் போக குளிரும், உச்சில கீழ இருக்குறத விட அஞ்சு டிகிரி கிட்ட கம்மியா இருக்கும். அங்க உயரம்தான் காரணம், மேல அழுத்தம் கம்மி, காத்து விரிஞ்சு குளிருது. ஆனா பக்கத்துக் கடையில கொடை நெறைய வித்த நாள்லயும் அண்ணனுக்கு வியாபாரம் படுத்துரும், அதுக்காக கொடைக்காரர் மேல கோவப்பட முடியுமா? ரெண்டுக்கும் பின்னாடி நிக்கிறது மழைதான். 0 வந்தாலும் சம்பந்தமே இல்லன்னு முடிவு கட்டக்கூடாது, டீயில சீனி கம்மினா நல்லால்ல, ஏத்த ஏத்த ருசி, அப்புறம் திகட்டிரும். மேல போயி கீழ வர்ற அந்த வளைவுக்கு கோரிலேஷன் 0 பக்கத்துல கூட வரும், அது நேர்கோட்ட மட்டும்தான் அளக்கும்.

திடீர்னு பொண்ணு கேட்டுச்சு, "அப்ப மழை நாள்ல ஓடுற சாமான் ஒண்ணு சேத்து வித்தா அப்பாவுக்கு வருமானம் சீரா இருக்கும்ல?" அட! 1952ல ஹாரி மார்கோவிட்ஸ்ங்கிற பொருளாதார நிபுணர் எழுதுன பேப்பரும் இதே ரூட்டுதான், ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்காத பங்குகள சேத்து வச்சா ஆட்டம் கொறையும்னு கணக்கு போட்டுக் காட்டுனாரு, 1990ல நோபலும் கெடச்சுது.

அண்ணன்கிட்ட, மழைக்குச் சூடா பீஹூன் (அரிசி சேமியா) சூப்பு விக்கலாம்னு ஐடியாவ சொன்னோம். பனிக்கட்டிய சீவிக்கிட்டே, "நல்ல யோசனைதான், ஆனா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சூப்பு கொதிக்க வைக்கிறது யாரு, நீயா என் மகளா?"ன்னாரு. பொண்ணு மெதுவா கால்குலேட்டர எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.