குலசேகரத்திலிருந்து கெமிக்கல் இன்ஜினியரிங்

நான் கெமிக்கல் எடுக்கப் போகிறேன் என்றதும் மாமா பதறிவிட்டார். "வேண்டாம் மக்களே, ஆசிட்டுக்குள்ள நின்னு நெஞ்சு கெட்டுப்போவும்." தினமும் ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி ஷீட் அடிக்கிறவர் இதைச் சொல்கிறார்!

இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கவுன்சலிங் பெரிய வித்தை இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். இந்தப் பிரிவு எல்லாக் கல்லூரியிலும் கிடையாது, அதனால் கல்லூரியைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழை முன்கூட்டியே இ-சேவையில் போட்டுவிடுங்கள். கட்டணத்தில் சலுகை உண்டு.

முதல் வருஷம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே பாடம்தான். இரண்டாம் வருஷம் மெட்டீரியல் பேலன்ஸ் (உள்ளே போன பொருளும் வெளியே வந்த பொருளும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு) வந்தபோதுதான் இது வேதியியல் படிப்பே இல்லை என்று புரிந்தது. நம்ம ஊர்க் கணக்கையே பாருங்கள். 100 கிலோ ரப்பர் பாலில் 30 சதவீதம் ரப்பர். அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்த அந்தப் பாலை சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றினால் ஒரு பக்கம் 60 சதவீதம் ரப்பர் உள்ள கெட்டியான கிரீம், மறுபக்கம் 5 சதவீதம் ரப்பர் உள்ள நீர்த்த ஸ்கிம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரீம் எத்தனை கிலோ? உள்ளே போன ரப்பர் 30 கிலோ, இரண்டு பக்கமும் சேர்ந்து அதே 30 கிலோ வெளியே வர வேண்டும். சுமார் 45 கிலோ கிரீம், 55 கிலோ ஸ்கிம். பிறகு வரும் ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பம் நகர்வது), மாஸ் டிரான்ஸ்ஃபர் (பொருள் நகர்வது) எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அரியர் அதிகம் விழுவது மாஸ் டிரான்ஸ்ஃபரில்.

பயிற்சிக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குப் போனேன். கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் என்ற கனிமங்கள் கலந்திருக்கும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கான் கடத்தாது. அதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள். ஒரு சொட்டு ஆசிட் இல்லை. மாமாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

வேலை விஷயம்தான் எல்லோரும் கேட்பது. எங்கள் கேம்பஸுக்கு முதலில் வந்தவை ஐடி கம்பெனிகள். கோர் வேலை, அதாவது படித்த துறையிலேயே வேலை வேண்டுமென்றால் நாமேதான் தேட வேண்டும். கேட் (GATE) என்ற தேசிய அளவிலான பொறியியல் தேர்வில் நல்ல ரேங்க் வந்தால் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் கூப்பிட வாய்ப்புண்டு. அந்த மதிப்பெண் 3 வருஷம் செல்லும், எம்.டெக்குக்கும் ஆகும். எனக்கு ரேங்க் போதவில்லை. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன்.

இன்டர்வியூவில் கேட்டதெல்லாம் அடிப்படைதான். பம்பில் கேவிடேஷன் (திரவத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது) ஏன் வருகிறது? ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அழுக்குப் படியும் திரவத்தை டியூபுக்குள் விடுவாயா, வெளியிலா? (டியூபுக்குள். உள்ளே குத்திச் சுத்தம் செய்வது சுலபம்.) ஃபார்முலாவை ஒப்பிப்பவனை விட, காரணம் சொல்பவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது.

ஷிஃப்ட் வேலை கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் கன்ட்ரோல் ரூமில் கழியும். குமரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் வாய்ப்பு குறைவு. தூத்துக்குடி, கொச்சி, மணலி, குஜராத் என்று நகரத் தயாராக இருக்க வேண்டும். கல்ஃபுக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்பது ஆலை அனுபவம்தான். அதனால் டிகிரி முடித்த கையோடு ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். இப்போது மூன்றாம் வருஷம் படிப்பவர்கள் துறைத்தலைவரிடம் பயிற்சிக்கான கடிதத்தை லீவுக்கு ரொம்ப முன்பே வாங்கி அனுப்பிவிடுங்கள். மே மாதம் நெருங்கினால் இடம் கிடைப்பது கஷ்டம்.