மாஸ்டர்ஸ் அட்மிஷனும் அப்பாட பேரும்

ஒருமாதிரி புரொஃபெஷனல் அக்கவுண்டிங் மாஸ்டர்ஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. இன்டர்வியூ லேசு, இலங்கைக் கணக்கீட்டு நியமம் எஸ்எல்எஃப்ஆர்எஸ் 16ல லீஸை எப்பிடி பாலன்ஸ் ஷீட்டுக்குக் கொண்டுவாறதெண்டு கேட்டாங்க, வேலையில நாளாந்தம் பாக்கிறதுதானே. நான் டிகிரி படிச்ச வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில இருந்து ட்ரான்ஸ்கிரிப்ட்டும் சீல் வச்ச கவர்ல ஒழுங்கா வந்துது. வதைச்சது பேர்தான்.

ஒன்லைன் ஃபோர்ம்ல சர்நேம் கட்டத்தை நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகவே விடாது, நமக்கு எங்க சர்நேம், அப்பாட பேரைத்தான் போடணும். அதால சிஸ்டத்துல அப்பாட பேர் பின்னுக்கு, ட்ரான்ஸ்கிரிப்ட்ல முன்னுக்கு, பிறப்புப் பத்திரத்தில என்ட பேர் மட்டும். கவுண்டர்ல இருந்த மிஸ் மூண்டையும் பாத்திட்டு இது மூண்டு ஆள் எண்டு சிங்களத்தில சொல்லி ஃபைலைத் திருப்பித் தந்திட்டா. பத்திரம் தமிழ்ல இருக்காம், வாசிக்கேலாதாம். 1987ல அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, அரசாங்கம் தந்த பத்திரத்தை அரச பல்கலைக்கழகத்திலயே வாசிக்க ஆளில்லயெண்டா நாங்க எங்க போறது? எனக்கு இன்னும் ஆறேல்ல. அதுவும் மார்ச்ல வருசக் கணக்கு முடிக்கிற நேரம், ஒஃபிஸ்ல லீவு கேக்கிறதே பெரும்பாடு.

கொழும்பு புதுக்கடையில கோர்ட்டடிக்குப் போய் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட இங்கிலீஷ்ல எடுத்தன். ஐசியில, அதான் அடையாள அட்டையில, இருக்கிற ஸ்பெல்லிங்கையே போடச் சொல்லுங்க, என்டத வேற மாதிரி டைப் பண்ணி பிறகு திருத்த வேண்டி வந்துது. பிறகு வெள்ளவத்தையில ஒரு சமாதான நீதவானிட்ட சத்தியக் கடதாசி. எந்தெந்தப் பத்திரத்தில பேர் எப்பிடி இருக்கெண்டு ஒவ்வொண்டா எழுதி எல்லாம் ஒரே ஆள்தான் எண்டு போடுவிக்கணும், சும்மா பொதுவா எழுதினா எடுபடாது.

அதோட போனா, இத எஸ்ஏஆர், அதான் சிரேஷ்ட உதவிப் பதிவாளர்தான் பாக்கணுமாம், சேர் இல்லயாம், எப்ப வருவாரெண்டும் தெரியாதாம். குளோசிங் டேட் வேற கிட்ட வந்திட்டுது, எனக்கு அழுகையே வந்திட்டுது. அங்க ஃபைல் கொண்டு திரிஞ்ச ஒரு தமிழ் அண்ணாதான் கிட்ட வந்து, "தங்கச்சி, இங்க நிண்டு பிரயோசனமில்ல, எஸ்ஏஆருக்கு நேரா மெயில் போடுங்க" எண்டார். அண்டிரவே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினன். அடுத்த நாளே, ஏத்துக்கொள்ளலாம் எண்டு ஒரு வரிப் பதில். அதைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினன், அதே மிஸ் பேசாம ஃபைலை வாங்கி வச்சா. அந்த அண்ணா நல்லாயிருக்கணும்.

அப்ளிகேஷன் போடப்போற ஆக்களுக்கு: சேவைக் கடிதத்தில வேலைக்குச் சேந்த திகதியும் முழுநேரம் எண்டதும் கட்டாயம் இருக்கணும். எஸ்எல்கியூஎஃப் (இலங்கைத் தகைமைகள் சட்டகம்) லெவலையும் பாத்து எடுங்க, 9 எண்டா 30 கிரெடிட், 10 எண்டா ஆய்வோட 60, பிறகு பிஎச்டி யோசினை இருந்தா 10தான் நல்லம். சிஸ்டத்துல பேரை மாத்தச் சொல்லி இப்பவே எழுதிக் குடுங்க, இல்லாட்டி பட்டத்திலயும் அப்பிடியே அச்சடிச்சிடுவாங்க. நான் குடுத்து, கொப்பியில சீலும் திகதியும் வாங்கி வச்சிருக்கன்.