ரெனால்ட்ஸ் அம்மாளின் சாட்சி: டெர்பிஷயரில் ஒரு நாள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பேக்வெல் ஊரிலிருந்து சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் பேருந்து உண்டு. நான் நடந்தே போனேன். குன்றேறி, மரங்களுக்கு நடுவே போய், ஆடுகள் மேயும் புல்வெளியில் இறங்கினால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மாளிகை தெரிகிறது. முன்னால் டெர்வென்ட் ஆறு, பின்னால் காடு மூடிய மலைமுகடு. 1813-ல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஜேன் ஆஸ்டின், நாயகன் டார்சியின் வீடான பெம்பர்லியை ஏறக்குறைய இப்படித்தான் வர்ணிக்கிறார். நாயகி எலிசபெத்தும் அந்த வீட்டைப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் முதலில் பார்க்கிறாள்.

அந்த நாவலை வைத்து 2005-ல் வந்த திரைப்படத்தில் டார்சியின் வீடாகக் காட்டியது சாட்ஸ்வொர்த்தைத்தான். ஆனால் நாவலில் சாட்ஸ்வொர்த் பெயர் தனியாக வருகிறது. அதனால் பெம்பர்லி கற்பனை வீடு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதோடு, இது டெவன்ஷயர் கோமகன்களின் மாளிகை. டார்சிக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள நிலக்கிழார், அவ்வளவுதான். எலிசபெத்தின் அப்பாவும் நிலக்கிழார்தான், வருமானம் 2,000. அந்தஸ்தில் இருவரும் ஒரே வரிசை என்று பின்னால் டார்சியின் சித்தியிடமே அவள் நேருக்கு நேர் சொல்வாள்.

உள்ளே போனதும் சிற்பக் கூடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். படத்தில் எலிசபெத் வெள்ளைப் பளிங்குச் சிலைகளுக்கு நடுவே நடந்து, டார்சியின் மார்பளவுச் சிலை முன்னால் நிற்பது இங்கேதான். நாவலில் அது சிலை இல்லை, ஓவியம். அந்த ஓவியத்தின் முன்னால் அவள் மனம் இளகுவதற்குள் முக்கியமான ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் ரெனால்ட்ஸ் அம்மாள் பேசிவிட்டார்.

அந்தக் காலத்தில் முதலாளி ஊரில் இல்லாதபோது, கண்ணியமாகத் தெரியும் பயணிகள் வந்து கேட்டால் வீட்டைச் சுற்றிக்காட்டும் வழக்கம் இருந்தது. எலிசபெத்தும் மாமா, மாமியோடு அப்படித்தான் போகிறாள். டார்சியை நாலு வயதிலிருந்து தெரியும், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறார் அந்த அம்மாள். குடியானவர்களும் வேலைக்காரர்களும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

நடனத்தில் தன்னைப் பார்த்து ‘ஆடக் கூப்பிடும் அளவுக்கு அழகில்லை’ என்றவன். அப்புறம் கென்ட் மாவட்டத்தில், உன் குடும்பம் எனக்குக் கீழே என்று சொல்லிக்கொண்டே பெண் கேட்டவன். எலிசபெத் அறிந்த டார்சி இவன்தான். அவள் மறுத்த மறுநாள் அவன் கொடுத்த கடிதம், அவனைப் பற்றி விக்கம் என்ற படை அதிகாரி அவளிடம் சொல்லியிருந்த பொய்களை உடைத்தது. ஆனால் கடிதம் அவனே அவனுக்காகச் சொன்ன சாட்சி. ரெனால்ட்ஸ் அம்மாளுக்கோ வந்திருப்பவள் யார் என்றே தெரியாது. அவளிடம் முதலாளியைப் புகழ்ந்து ஆகவேண்டியதும் எதுவுமில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் முதலாளியைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைவிட நல்ல விசாரிப்பு வேறென்ன இருக்கிறது? வீட்டைப் பார்த்துத்தான் எலிசபெத் மயங்கினாள் என்பவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது.

அவன் பக்கத்து மாற்றம் தெரிய வருவது வெளியே, ஆற்றங்கரையில். அதனால் நானும் பாலத்தருகே இறங்கி, கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். எதிர்பாராமல் வந்து சேரும் டார்சி, அவளுடைய மாமா கார்டினரை அறிமுகம் செய்துவைக்கச் சொல்லிக் கேட்கிறான். கார்டினர் லண்டனில் வியாபாரம் செய்பவர். கென்ட்டில் டார்சி ஏளனமாகப் பேசிய உறவுக்காரர்களில் இவரும் அடக்கம். இப்போதோ, இந்தப் பக்கம் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள், தூண்டில் நான் தருகிறேன் என்கிறான். எந்த இடத்தில் மீன் நன்றாகக் கிடைக்கும் என்று கைகாட்டுகிறான். அவளுக்குப் பக்கத்தில் நின்று காதல் வசனம் எதுவும் பேசவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த பக்கங்கள் இவைதான்.

போகிறவர்கள் முந்தின இரவு 43-ஆம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் போங்கள். மாளிகை குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் பேக்வெல் நடைபாதை சேறாகிவிடும், நல்ல காலணி வேண்டும்.