செவலைக்கு மணி பார்க்கத் தெரியும்

காப்பகத்தில் செவலையை முதன்முதலாகப் பார்த்தபோது, "இது எப்படி நடக்கும்?" என்றுதான் கேட்டேன். நாய்களைக் கவனித்துக்கொள்ளும் அக்கா சிரித்துவிட்டார். "அது எப்படியாச்சும் நடந்துடும், விடுங்க. ஒண்ணுக்கு எப்படிப் போகும்னு கேளுங்க."

வண்டி மோதி முதுகுத்தண்டு உடைந்த நாய். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. பின்னங்கால்கள் இரண்டும் துணி மாதிரி பின்னாலேயே இழுபடும். சக்கர வண்டி வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். மூத்திரப்பை என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு என் கணக்கில் இல்லை.

நிரம்பியது அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் தானாகக் கழிக்க முடியாது. நாம்தான் வயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறை. அதை நானே சரியாகச் செய்து காட்டும் வரை நாயைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. இன்றைக்கு யாராவது கேட்டால், அப்படிச் சொல்லாத இடத்தில் நாயை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். பின்னந்தொடைகளுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில், இரண்டு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்துத் தேட வேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். முதல் ஞாயிறு நான் பிடித்ததெல்லாம் குடல், வந்ததெல்லாம் காற்று. "அமுக்காதீங்க, அணைச்சுப் பிடிங்க" என்றார் அக்கா. சட்டென்று அழுத்தினால் பை முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். மூர்க்கமாக அழுத்தினால் கிழிந்துவிடும் அபாயமும் உண்டு. அப்படியே பிடித்து, வால் பக்கமாக மெல்ல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுக்கும். மூன்றாம் ஞாயிறு அது விட்டுக்கொடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. எழுத்தில் இதைக் கற்க முடியாது. மருத்துவரோ பழகியவரோ நம் கைமேல் கை வைத்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் மாதம் ஒரு தப்பு செய்தேன். செவலை போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம். ஆஹா, தானாகவே போக ஆரம்பித்துவிட்டாள் என்று மதிய வேளையை விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் நாற்றம் மாறியது, மூத்திரம் கலங்கலாக வந்தது, அப்புறம் லேசாக ரத்தம். "சொட்டினால் காலியாகிறது என்று அர்த்தமில்லை, நிரம்பி வழிகிறது" என்றார் மருத்துவர். தேங்கி நிற்பதில் கிருமி வளரும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறிவிடும். எந்தக் கிருமி என்று பரிசோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுத்துக் குணமானது. அன்றிலிருந்து காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்தரை. கல்யாணமோ காய்ச்சலோ, மணி மாறாது. ஒரு ஆபத்துக்கு இருக்கட்டும் என்று தம்பிக்கும் கற்றுக்கொடுத்தேன். கையுறை இரண்டடுக்கு போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்வான். ஆனால் சரியாகச் செய்வான்.

சக்கர வண்டி அப்புறம்தான் வந்தது. அளவெடுத்ததில் தப்பு, தொடையிடுக்கில் பட்டை உரசித் தோல் சிவந்துவிட்டது. சரிசெய்து மாட்டினோம், முதல் வாரம் பத்துப் பத்து நிமிடம் மட்டும். அதில் படுக்க முடியாது என்பதால் மாட்டிவிட்டுத் தனியே விட்டுப் போகக் கூடாது. நிலைப்படியில் சக்கரம் மாட்டிக்கொண்டால் பின்னால் வரத் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது வாசலை அகலமாக வளைந்து கடக்கப் பழகிவிட்டாள், என் குதிகாலைத்தான் இடிக்கிறாள்.

வண்டி இல்லாதபோது இழுத்துக்கொண்டுதான் போவாள். வழுக்காத விரிப்புகள் வீடு முழுக்க. ஒரு நாள் இரவு பாதத்தைத் துடைக்கும்போது விரலிடுக்கில் ஒரு சின்னக் கல். காலையிலிருந்து இருந்திருக்க வேண்டும், சுற்றிலும் தோல் வெந்தது போலாகியிருந்தது. அவள் என் முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள். வலி செய்ய வேண்டிய காவலை என் கண்தான் செய்ய வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. தினமும் படுக்கும் முன் இடுப்பு எலும்பு, முட்டி, பாதத்தின் மேற்புறம் எல்லாம் விளக்கில் பார்ப்பேன்.

இன்னொன்று. நான்காம் மாதம், காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கும்போது விரலிடுக்கை அழுத்தினேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்! அழுதுவிட்டேன். மறுநாளே தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் இடுக்கியால் விரலை அழுத்தினார், கால் மடங்கியது. "முகத்தைப் பாருங்க" என்றார். செவலை சாவகாசமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் இழுத்துக்கொள்வது முறிவுக்குக் கீழே உள்ள தண்டுவடமே செய்கிற வேலை, சேதி மூளைக்குப் போகவில்லை என்று விளக்கினார். அந்த ஒரு வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவள் வழக்கம்போல என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், ஊசி போட்டுக் கருணைக்கொலை செஞ்சிருக்கலாமே" என்பவர்கள் உண்டு. தீராத வலியில் துடிக்கும் நாய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். பந்தைப் பார்த்ததும் இரண்டு கால்களில் பறக்கிற இவளுக்கு அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் போனில் சார்ஜ் இல்லாமல் இரவு அலாரம் அடிக்கவில்லை. நான் சோபாவிலேயே தூங்கிப்போனேன். குளியலறை வாசலிலிருந்து குரைப்புச் சத்தம். போய்ப் பார்த்தால், துண்டு விரித்திருக்கும் இடத்தில் தானாகவே வந்து படுத்துக்கொண்டு என்னை முறைக்கிறாள். மணி பத்து முப்பத்தைந்து.